வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் இங்கே எம்பிபிஎஸ் இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாம் என்கிறார் தாய்மாமா. பெண்ணோ 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் எனக்குப் பயம் அந்தப் பத்திரத்தை நினைத்துத்தான். குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்தால் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வு. சமீப ஆண்டுகளில் அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை. தேறும்வரை இங்கே மருத்துவம் பார்க்க முடியாது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். குடியிருக்கும் வீட்டை வைத்து இதில் இறங்கவே கூடாது. மாமாவிடம் இதை நேராகச் சொல்லுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள்.

சரி, பெண்ணின் ஆசைக்கு வருவோம். 108 அரசு வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். 2008-இல் தொடங்கிய திட்டம் அரசுடையது, ஆனால் ஊழியர்கள் அதை நடத்தும் நிறுவனத்தின் ஆட்கள். வண்டியில் நோயாளியைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளருக்கு ஷிப்ட் 12 மணி நேரம். முடிகிற நேரத்தில் ஒரு அழைப்பு வந்தால் அதையும் முடித்துவிட்டுத்தான் வீடு. சில வருடம் முன்பு 15 ஆயிரத்தை ஒட்டியிருந்த சம்பளம் இப்போதுதான் 20 ஆயிரத்தைத் தொட்டிருக்கிறது. 8 மணி நேர வேலை, போனஸ் என்று தொழிற்சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்டு வருகின்றன. வடசென்னையில் இதெல்லாம் இன்னும் கனக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை, மழை வந்தால் தண்ணீர் நிற்கும் வியாசர்பாடி சுரங்கப்பாதை, லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கி இறங்க இரண்டே பேர். தாமதத்துக்கான கோபமும் அவர்கள் மேல்தான் விழும். அனுபவம் சேர்ந்ததும் பலர் கிளம்பிவிடுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உயிர்காக்கும் கையை இப்படி இழப்பது ஊருக்குத்தான் நஷ்டம்.

இன்னொன்றும் கவனியுங்கள். விலங்கியல் பட்டதாரியைக்கூட 50 நாள் பயிற்சி கொடுத்து இந்த வேலைக்கு எடுக்கிறார்கள். வேலைக்கு நடுவே சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு மையத்து டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்யலாம். ஆனால் அங்கிருந்து மேலே ஏறப் படிகள் மிகக் குறைவு.

அதனால் நான் சொல்வது, அவள் ஆம்புலன்ஸுக்குப் போவதற்கு முன் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி, அதாவது விபத்து, அவசர சிகிச்சைக்கான பட்டப்படிப்பு படிக்கட்டும். நர்சிங், பார்மசியை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம், மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. நீட் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். பாராமெடிக்கல் கலந்தாய்வில் அரசு இடம் கிடைத்தால் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். முதலில் உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல். அப்புறம்தான் சுவையே. அடைத்த மூச்சுக்குழாயைத் திறப்பது, நெஞ்சை அழுத்தி இதயத்தை மீட்பது, ஈசிஜி படிப்பது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், செயற்கை சுவாசம் தரும் வென்டிலேட்டர் கையாள்வது, கழுத்தெலும்பு முறிந்தவரை அசைக்காமல் நகர்த்துவது. வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து யாரை முதலில் பார்ப்பது என முடிவெடுப்பதும் இதில் உண்டு. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கிறது. அந்த 48 மணி நேரத்துக்குக் கை தேர்ந்தவர்கள் வேண்டாமா?

படித்து முடித்து இரண்டு வருடம் ஆம்புலன்ஸில் ஓடட்டும். பிறகு மருத்துவமனை அவசரப் பிரிவு, தொழிற்சாலை முதலுதவி மையம், உரிமத் தேர்வு எழுதினால் வளைகுடா என்று வழிகள் உண்டு. 2021-இன் தேசியச் சட்டம் இந்தத் தொழிலையும் முறையான சுகாதாரத் தொழிலாக ஏற்றிருக்கிறது.

"ஆம்புலன்ஸில் போகிற பெண்ணை யார் கட்டுவார்கள்" என்று உறவினர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அவளுடைய படிப்பைத் தீர்மானிக்கும் தகுதி கிடையாது. அவளுக்கு ரத்தம், வாந்தி, அழுகை தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டியது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்தும் முதலுதவிப் பயிற்சிக்கு இப்போதே அனுப்புங்கள். அதை முடித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் குறுக்கே நிற்காதீர்கள்.

தனியார் கல்லூரி என்றால் என் கணக்கு இதுதான். நாலு வருட மொத்தச் செலவும் அவளுடைய முதல் வருடச் சம்பளத்துக்குள், அதாவது இரண்டரை லட்சத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் ஒரு வருட எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பியுங்கள்.