முகத்தில் ஒளியும் நிழலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஃபோட்டோவை அப்படியே பார்த்துத்தான் வரைகிறேன். ஆனாலும் முகம் தட்டையாக இருக்கிறதே?

பதில்: பெரும்பாலும் குறை ஃபோட்டோவில்தான். ஃபிளாஷ் முகத்துக்கு நேராக அடிப்பதால் நிழலெல்லாம் மூக்குக்கும் தாடைக்கும் பின்னால் மறைந்துவிடும். அதை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 45 டிகிரியில், தலையைவிடச் சற்று உயரத்தில் வையுங்கள். மூக்கின் நிழல் கன்னத்து நிழலைத் தொடும்போது, இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு வெளிச்ச முக்கோணம் மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த முகங்களில் அடிக்கடி காண்பது இதைத்தான். பழகுவதற்கு மிக நல்ல ஒளி இது.

கேள்வி: ஆயில் பெயின்ட்டில் நிழல் பகுதி திட்டுத்திட்டாக, அழுக்காகத் தெரிகிறது. கறுப்பு கலப்பதாலா?

பதில்: கறுப்பின் மேல் பழி போடாதீர்கள். நிழலுக்குள் ஏராளமான நுணுக்கங்களைத் திணிப்பதுதான் காரணம். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: கண்குழி, மூக்கின் பக்கம், தாடையின் அடி எல்லாம் சேர்ந்து ஒரே இருண்ட வடிவமாகும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, முதலில் அந்த வடிவம் முழுவதையும் ஒரே டோனில் (வெளிச்ச-இருட்டு அளவில்) நிரப்புங்கள்.

அடுத்து நம்மை ஏமாற்றுவது, சட்டையில் பட்டுத் தாடையின் அடியில் திரும்பி விழும் ஒளி. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் அது உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். நம்பி வெளுப்பாக்கினால் முகத்தின் திரட்சி போய்விடும். நிழலின் மிக வெளுத்த இடமும் ஒளிப்பக்கத்தின் மிக இருண்ட இடத்தைவிட இருண்டே இருக்க வேண்டும். 1 என்றால் முழுக் கறுப்பு, 9 என்றால் முழு வெள்ளை என்று டோனுக்கு அளவு வைத்தால், மாநிற முகத்தின் நிழலை 2 முதல் 4-க்குள்ளும், ஒளியை 5 முதல் 8-க்குள்ளும் நிறுத்தலாம். நிழலில் வெள்ளை கலப்பதையும் கூடுமானவரை தவிருங்கள். சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: கருத்த முகத்தை வரைந்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது.

பதில்: டைட்டானியம் வெள்ளையை மட்டும் சேர்த்து வெளிச்சமாக்குகிறீர்கள். அது நிறத்தைக் குளிர்த்திவிடும், அதாவது நீலச் சாயலாக்கிவிடும். நடு டோன்களை மஞ்சள் ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கொண்டு உயர்த்துங்கள். வெள்ளையை நெற்றி, மூக்குநுனி, கன்னமேட்டின் மினுக்கத்துக்கு வைத்திருங்கள். அந்த மினுக்கம் சிறிதாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும். பரப்பித் தேய்த்தால் மறுபடி சாம்பல்தான்.

கேள்வி: ஒளி, நிழல் எல்லையை எவ்வளவு குழைக்கலாம்?

பதில்: நெற்றி, கன்னம் போன்ற உருண்ட இடங்களில், ஈரம் காயும்முன் உலர்ந்த மென்பிரஷால் குழையுங்கள். கன்னத்தில் விழும் மூக்கின் நிழலுக்கு விளிம்பு மூக்கருகே கூர்மை. தள்ளிப்போகப் போக மென்மை. எல்லா இடத்தையும் ஒரே அளவில் குழைத்தால் எலும்பே இல்லாத முகமாகிவிடும்.