காலாவதியான டாட் காம்: ஏஜென்சிக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் விற்கிறோம். பத்து வருடம் முன்பு வெப்சைட் செய்துகொடுத்தவர், டாட் காம் பெயரைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். இப்போது போன் எடுப்பதில்லை. பெயர் காலாவதியாகி 20 நாள் ஆகிறது. சைட்டும் மெயிலும் நின்றுபோயின. இணையத்தில் தேடினால் காலாவதித் தேதி அடுத்த வருடம் என்று காட்டுகிறது. 'பேக்ஆர்டர் போட்டு நூறு சதவீதம் பிடித்துத் தருகிறோம், 25,000 ரூபாய் முன்பணம்' என்கிறது ஒரு ஏஜென்சி. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பேக்ஆர்டர் என்பது, பெயர் விடுபடும் நொடியில் உங்களுக்காகப் பிடித்துத் தரச் சொல்லும் முன்பதிவு. அதில் நூறு சதவீதம் என்ற பேச்சே கிடையாது.

முதலில் அந்தத் தேதிக் குழப்பம். டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன், காலாவதி நாளன்று எல்லாப் பெயருக்கும் தானாகவே ஒரு வருடம் கூட்டிவிடும். உங்கள் பெயரை விற்ற பதிவாளர் நிறுவனம் 45 நாளுக்குள் அதை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆகவே தேதி தள்ளிப்போயிருப்பதால் யாரோ புதுப்பித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரைப் போட்டு, 'ஸ்டேட்டஸ்' வரியைப் பாருங்கள். அங்கே 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்தால் இன்னும் அந்த 45 நாள் சலுகைக் காலம்தான். பதிவாளர் யார் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வேண்டும். 'ரீசெல்லர்' (பதிவாளருக்காகப் பெயர் விற்கும் இடைத்தரகர்) என்ற வரியில் ஏதாவது பெயர் இருந்தால் அதையும்.

இந்தக் காலத்தில் மலிவான வழி ஒன்றுதான்: அந்த வெப்சைட்காரரைப் பிடிப்பது. அவர் தன் கணக்கில் நுழைந்து புதுப்பித்தால் பெரும்பாலும் சாதாரண வருடக் கட்டணத்தோடு முடிந்துவிடும். பிறகு பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்புங்கள், நேரில் போங்கள், வாட்ஸப்பில் ரீசெல்லரைக் கேளுங்கள். பதிவாளரிடம் நீங்கள் மன்றாடிப் பயனில்லை. பில் உங்கள் கடை பெயரில் இருந்தாலும், பதிவில் யார் பெயரோ அவர்தான் அவர்களுக்கு வாடிக்கையாளர். சிறு வியாபாரிகளை இப்படிப் பெயரில்லாமல் நிற்க வைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் ஓயவில்லை.

அவர் கிடைக்கவே இல்லை என்றால்? பதிவாளர் உங்கள் பெயரை அழித்ததும் 30 நாள் 'ரிடெம்ப்ஷன்', அதாவது மீட்புக் காலம். அப்போதும் பழைய உடமையாளர் மட்டுமே மீட்கலாம். மீட்புக்கு வெரிசைன் வாங்குவது 40 டாலர். பதிவாளர் அதன் மேல் தன் பங்கை ஏற்றி, பொதுவாக 80 டாலருக்கும் மேலே கொண்டுபோய்விடுவார். அதற்குப் பின் 'பெண்டிங் டிலீட்', அதாவது முழுதாக அழியக் காத்திருக்கும் 5 நாள். இந்த ஐந்து நாளில் உடமையாளர் உட்பட யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாம் நாள் பெயர் விடுபடும்.

45, 30, 5 என்று கூட்டி 80 நாள் காத்திருக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 45 என்பது உச்ச வரம்பு, முன்னதாகவே அழிக்கலாம். அதைவிட முக்கியம், நல்ல பெயர்களில் பெரும்பகுதி அழிக்கப்படுவதே இல்லை. சலுகைக் காலத்திலேயே பதிவாளர் ஏலத்துக்கு விட்டுவிடுகிறார். கோடாடி தன் சொந்த ஏலத்தில் விற்கிறது. வேறு சில பதிவாளர்களின் பெயர்கள் நேம்ஜெட் போன்ற ஏலத் தளங்களுக்குப் போகின்றன. அங்கே ஏலம் நடக்கும்போது வேறிடத்தில் போட்ட பேக்ஆர்டர் வெறும் காகிதம். ஆகவே முதல் வேலை, உங்கள் பதிவாளர் காலாவதிப் பெயர்களை எங்கே ஏலம் விடுகிறார் என்று கண்டுபிடிப்பது. அங்கே உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி நீங்களே ஏலம் கேளுங்கள். வென்ற பிறகும் பழைய உடமையாளர் கெடுவுக்குள் புதுப்பித்துவிட்டால் ஏலம் ரத்தாகும், பணம் திரும்பும். உங்களுக்கு அது நஷ்டமில்லை. அந்த மனிதர் கடைசியில் கண்விழித்தார் என்று பொருள், உடனே போய்ப் பிடியுங்கள்.

அழியும்வரை போனால்தான் பேக்ஆர்டருக்கு வேலை. இது ரயில் காத்திருப்புப் பட்டியல் மாதிரி வரிசை அல்ல, தட்கல் ஓட்டம். அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணியை ஒட்டிப் பெயர்கள் விடுபடத் தொடங்கும். நமக்குக் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. ஒவ்வொரு பதிவாளருக்கும் வெரிசைனோடு இவ்வளவு இணைப்புதான் என்ற கட்டுப்பாடு உண்டு. அதனால் டிராப்கேட்ச் போன்ற பேக்ஆர்டர் தளங்கள் நடத்துபவர்கள் நூற்றுக்கணக்கான பதிவாளர் உரிமங்களை வாங்கி அடுக்கிவைத்து ஓடுகிறார்கள். வெளிப்படையான ஒரே வரிசை வேண்டும் என்ற யோசனை 2000-களின் தொடக்கத்திலேயே வந்தது; வழக்கிலும் இழுபறியிலும் சிக்கி நடைமுறைக்கே வரவில்லை. ஐகான் இன்றும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் ஏஜென்சியிடம் அப்படி உரிமம் எதுவும் இருக்காது. நீங்கள் போய்ப் போடக்கூடிய அதே தளத்தில் ஏறக்குறைய 60 டாலருக்கு ஆர்டர் போட்டுவிட்டு மீதியைப் பையில் போடுவார்கள். அதைவிட மோசம், யார் கணக்கில் பிடிபடுகிறதோ அவரே உடமையாளர். பத்து வருடம் முன்பு செய்த தவற்றை இன்னொருவரிடம் திரும்பச் செய்வீர்கள். டிராப்கேட்ச், நேம்ஜெட் இரண்டிலும் நீங்களே போடுங்கள், பிடித்தால்தான் பணம். ஒரே தளத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தால் ஏலம் நடக்கும், விலை ஏறும். நண்பரையும் போடச் சொன்னால் உங்களோடு நீங்களே மோதுவீர்கள். உச்ச விலையை முன்பே எழுதிவைத்து அதைத் தாண்டாதீர்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கி ஆப்பில் முன்கூட்டியே பாருங்கள். வென்றபின் பணம் போகாமல் பெயரை இழப்பவர்கள் உண்டு.

உங்கள் பெயர் டிரேட்மார்க்காகப் பதிவானது என்றால் யுடிஆர்பி எனும் பெயர்த் தகராறு விதிப்படி புகாருக்கு வழி இருக்கிறது. ஆனால் அதை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவில் ஒற்றை நடுவர் கட்டணமே 1,500 டாலர். பெயரை வைத்திருப்பவர் கெட்ட எண்ணத்தில்தான் பதிந்தார் என்று நிரூபிக்கவும் வேண்டும்.

பெயரைவிட அவசரம் மெயில். புதிதாகப் பிடிப்பவர் உங்கள் பழைய முகவரிகளையும் இயக்கி, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்ற ஒரே பட்டனில் உள்ளே வரலாம். ஜிஎஸ்டி தளம், வங்கி, வருமானவரிக் கணக்கு, மொத்த வியாபாரிகளின் ஆர்டர் தளம் எல்லாவற்றிலும் அந்த முகவரியை இன்றே மாற்றுங்கள்.