நாலாம் வகுப்புப் பெண் "எனக்குக் கணக்கு வராது" என்கிறாள். வீட்டில் என்ன செய்யலாம்?

கேட்டிருப்பவர் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்து அம்மா. மகள் அரசுப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். தமிழ் நன்றாக வருகிறது, கணக்கு நோட்டை எடுத்தால் மட்டும் கண் கலங்குகிறது. "எனக்கும் கணக்கு வராது, அதான் அவளுக்கும் வரல போல" என்று எழுதியிருக்கிறார். டியூஷன் சேர்க்கலாமா என்பது கடைசிக் கேள்வி. அதைக் கடைசியிலேயே பார்ப்போம்.

முதலில் அந்த "எனக்கும் வராது" என்ற பேச்சை மகள் காதுபட நிறுத்துங்கள். சும்மா ஒரு நல்ல பழக்கத்துக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 17 ஆசிரியைகளின் வகுப்புகளை ஓராண்டு கவனித்து 2010-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லாம் ஒன்று, இரண்டாம் வகுப்புகள். கணக்கைக் கண்டு பயப்படும் ஆசிரியையிடம் படித்த சிறுமிகளில் சிலருக்கு ஆண்டுக் கடைசியில் "கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு" என்ற எண்ணம் வந்திருந்தது. அவர்கள்தான் கணக்கிலும் பின்தங்கினார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வித்தியாசம் இல்லை. பையன்களை இது பாதிக்கவில்லை. தன்னைப்போன்ற பெண் ஒருத்தி பயப்படுவதைப் பார்த்தே சிறுமிக்கு இந்த எண்ணம் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

உண்மையில் உங்களுக்குக் கணக்கு வராது என்பதையும் நான் நம்பவில்லை. மகளிர் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 5,000-க்கு மாதம் 50 என்று யாரும் சொல்லாமலே போடுகிறீர்கள். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், மா ஒன்றுக்கு 33 சென்ட் என்பது நடவுக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அத்துப்படி. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை எத்தனை போனது, எவ்வளவு வர வேண்டும் என்று வீட்டில் பேசுகிறீர்களே, அந்தப் பேச்சை மகள் எதிரில் பேசுங்கள். பாடம் நடத்த வேண்டாம், வாய்விட்டுக் கணக்குப் போட்டால் போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். "உன்னால முடியும்டி" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொன்னாலும் கணக்கில் தைரியம் வராது. தன் விடை சரியா தப்பா என்று டீச்சர் முகத்தைப் பார்க்காமல் தானே சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது வரும். பெண்பிள்ளைகளிடம் நாம் கெடுத்து வைத்திருப்பது இதைத்தான். அழகான கையெழுத்து, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு, அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்று பாராட்டிப் பாராட்டி, தப்பை ரப்பரால் அழித்து ஒளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். நோட்டு பளிச்சென்று இருக்கும், எந்த இடத்தில் வழுக்கினாள் என்பது யாருக்கும் தெரியாது.

அதனால் முதல் வேலை, வழுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. நோட்டு வேண்டாம், சிலேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து கழித்தலை மட்டும் கொடுங்கள்: 8−3, 15−7, 52−37, 70−28, 304−126. நேரம் வைக்காதீர்கள், நடுவில் திருத்தாதீர்கள். சரியான விடைகள் 5, 8, 15, 42, 178. அவள் போடும் தப்பு விடைதான் உங்களுக்குத் தகவல். 15−7-க்கே விரல் மடக்கி மடக்கித் திணறினால் பத்தைத் தாண்டும் சிறிய கழித்தல்களே இன்னும் கைவரவில்லை என்று பொருள். பெரிய கணக்கை விட்டுவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். 52−37 = 25 என்று வந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறாள். 70−28 = 58, 304−126 = 222 என்று வருவதும் அதே நோய்தான். 304−126 = 188 என்று வந்தால் கதை வேறு. இனமாற்றம், அதாவது கடன் வாங்கிக் கழிப்பது தெரிகிறது, ஆனால் நடுவில் உள்ள பூஜ்யத்துக்கு நூறிலிருந்து வந்த பத்தில் ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு மிச்சம் ஒன்பதுதான் என்பதை மறந்துவிடுகிறாள். இவளுக்கு 52−37-ல் நூறு கணக்கு கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

பெரும்பாலும் சிக்கல் 52−37-ல்தான் இருக்கும். மருந்து ஈர்க்குச்சி. தென்னை ஓலைக்கு நம் ஊரில் பஞ்சமா? விரல் நீளத்துக்கு ஒடித்து நூறு குச்சி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதுல இருந்து 37 எடுத்துக் குடு" என்று கேளுங்கள். மூன்று கட்டு தருவாள், இரண்டு உதிரி தருவாள், அப்புறம் நிற்பாள். அங்கே பேசாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டைப் பிரிக்கலாமா என்று அவளே கேட்பாள். ரப்பர் பேண்டை அவள்தான் கழற்ற வேண்டும், நீங்கள் கழற்றினால் பாடம் உங்களுக்கு ஆகிவிடும். பிரித்த பத்திலிருந்து இன்னும் ஐந்து எடுத்தால் மிச்சம் ஒரு கட்டு, ஐந்து உதிரி. குச்சியில் 15, சிலேட்டில் 25. இரண்டையும் பக்கத்தில் வைத்து "எது சரி, ஏன்?" என்று கேளுங்கள். உடனே அடுத்ததைச் சொல்லிக்கொடுங்கள்: கழித்து வந்த விடையோடு எடுத்ததைக் கூட்டினால் பழைய எண் வர வேண்டும். 15+37 = 52. 25+37 = 62, ஆக 25 தப்பு. இனி எந்தக் கழித்தலுக்கும் டிக் போட அவளுக்கு ஆள் வேண்டாம். 304-க்குக் குச்சி கட்டுப்படியாகாது, காகித நோட்டு வெட்டுங்கள்: மூன்று நூறு ரூபாய், நாலு ஒரு ரூபாய். 126 கொடுக்க வேண்டும், சில்லறை மாற்றாமல் முடியாது.

குச்சியை எப்போது நிறுத்துவது என்று கேட்பீர்கள். அவளே "குச்சி வேணாம், மனசுலயே பிரிச்சுக்கறேன்" என்னும்போது. "நாலாவது படிக்கிற பொண்ணு குச்சி எண்ணுது பாரு" என்று சொல்லும் உறவினர் ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாய்ப்பாடு அடுத்த பயம். பத்துக்குப் பத்து என்றால் நூறு விடை மனப்பாடம் என்று மலைக்கிறாள். நூறு இல்லை. 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் இந்த வயதில் அநேகமாக வந்திருக்கும். மிச்சம் 3, 4, 6, 7, 8, 9 மட்டும். 7×8-ம் 8×7-ம் ஒன்றுதான் என்று தெரிந்தால் 21 விடை. ஒன்பதைப் பத்திலிருந்து பிடிக்கலாம்: 9×7 என்றால் 70-ல் ஒரு ஏழு குறைவு, 63. இப்போது 15. நாலு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு: 4×7-க்கு 14, 28. மிஞ்சுவது பத்தே பத்து: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. இந்தப் பத்தையும் ஒரு அட்டையில் எழுதி, தெரிந்துவிட்டதை அவளே அடிக்கட்டும். 7×8 மறந்துபோனால் 7×4 = 28, அதன் இரட்டிப்பு 56 என்று திரும்பிப் போக வழி இருக்கிறது. ராகம் போட்டு ஒப்பிக்க மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை. நடுவில் ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கடிகாரம் வைத்து வாய்ப்பாடு கேட்பதை மட்டும் அறவே விடுங்கள். பயந்த பிள்ளைக்கு மனசில் பிடித்து வைக்கும் இடம் பயத்துக்கே போய்விடும், தெரிந்ததும் வராது.

ஆர்வத்துக்கு வாசலிலேயே ஒன்று இருக்கிறது, கோலம். "பொம்பளப் பிள்ளைன்னா கோலமா" என்று சலித்துக்கொள்ள வேண்டாம், தம்பி இருந்தால் அவனையும் உட்கார வையுங்கள். இழை அழகாக வந்ததா என்ற பேச்சு இங்கே கிடையாது. புள்ளிகளை எண்ணுவதுதான் ஆட்டம்.

ஊடுபுள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூன்று புள்ளி, இரண்டில் முடிவது: 2, 3, 2, மொத்தம் 7. ஐந்து புள்ளி, மூன்றில் முடிவது: 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. ஏழு புள்ளி, நாலில் முடிவது: 37. ஒன்பது புள்ளி, ஐந்தில் முடிவது: 61. நடுவில் ஒற்றைப் புள்ளியிலிருந்து தொடங்கினால் 1, 7, 19, 37, 61. ஒவ்வொரு முறையும் எத்தனை கூடியது? 6, 12, 18, 24. ஆறாம் வாய்ப்பாடு! நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவள் சொல்லட்டும். பிறகு கேளுங்கள்: பதினொரு புள்ளி, ஆறில் முடிந்தால் எத்தனை? போடாமலே சொல்ல வேண்டும். 61-உடன் 30 சேர்த்து 91 என்பாள். இப்போது போட்டு வரிசை வரிசையாக எண்ணட்டும்: 6, 7, 8, 9, 10, 11, அப்புறம் அதே வரிசை இறங்கி வரும். மேலே ஐந்து வரிசைக்கு 40, கீழே 40, நடுவில் 11. அதே 91. இரண்டு வழியில் போய் ஒரே எண்ணில் நிற்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். சரி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேர்ப்புள்ளியில், ஒன்றில் முடியும் கோலத்துக்கு 1, 5, 13, 25, 41 வரும். அதில் எந்த வாய்ப்பாடு ஒளிந்திருக்கிறது என்பதை மறுநாளுக்கு வையுங்கள்.

பின்னத்துக்குப் பரணில் கிடக்கும் பழைய படி, உழக்கு, ஆழாக்கை இறக்குங்கள். "நாலு பெரிசு, அதனால கால் அரையை விடப் பெரிசு" என்று நினைக்கும் பிள்ளை, படி அரிசியை உழக்கால் நாலு முறையும் ஆழாக்கால் எட்டு முறையும் அளந்து பார்த்தால் தானே திருந்திக்கொள்ளும். எண் பெரிதாகப் பெரிதாகப் பாத்திரம் சின்னதாகிறது. செட்டு ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று முதலில் நீங்கள் அளந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வீட்டு வேலைப் பங்கீடு. பள்ளி விட்டு வந்ததும் பையன் கடைக்குப் போகிறான், பெண் பாத்திரம் தேய்க்கிறாள். நூறு ரூபாய் கொடுத்து 34-க்கு ஒன்று, 28-க்கு ஒன்று வாங்கி, மிச்சம் 38-ஐ எண்ணி வாங்கிவரும் பயிற்சி முழுக்க அவனுக்கே போகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது பையைப் பெண்ணிடம் கொடுங்கள், பாத்திரத்தைப் பையனிடம் கொடுங்கள். போகும் முன் "சுமாரா எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டு அனுப்புங்கள்.

வீட்டுப்பாடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்துவது உதவி என்று நினைக்கிறோம். 2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது. குறைவாக உதவியவர்களின் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: "எப்படிப் போட்டே?", "சரின்னு எப்படித் தெரியும்?" விடை சரியாக இருக்கும்போதும் கேட்க வேண்டும். தப்பானால் மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று புரிந்துகொண்டு அழிக்கத் தொடங்கிவிடுவாள். "நீ புத்திசாலி" என்ற பாராட்டும் வேண்டாம். அடுத்த கணக்கு வராதபோது புத்தி போய்விட்டதோ என்று தோன்றும். "கட்டைப் பிரிக்கணும்னு நீயே கண்டுபிடிச்சியே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

பக்கத்திலேயே கும்பகோணம் இருப்பதால் ராமானுஜன் கதையை எப்படியும் யாராவது சொல்வார்கள். கனவில் நாமகிரித் தாயார் வந்து சூத்திரம் சொன்னதை மட்டும் சொன்னால், கணக்கு என்பது சிலருக்கு வரமாகக் கிடைப்பது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டார் என்பதைச் சொல்லுங்கள். கூடவே 2010-ல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் முழு அவைக்கும் உரையாற்றிய ராமன் பரிமளா தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையில் படித்தவர் என்பதையும் சொல்லலாம்.

பள்ளியில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள், 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வந்தது. அதை ரேங்க் மாதிரி அக்கம்பக்கத்தில் விசாரிக்காதீர்கள். டீச்சரிடம் கேட்க வேண்டியது வேறு: கேள்வி கேட்டதும் முதலில் கை தூக்குபவரைக் கூப்பிடாமல், எல்லாரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் காட்டும்படி செய்ய முடியுமா? குழு வேலையில் அளக்கும் டேப் பையன் கையிலும் எழுதும் பேனா பெண் கையிலுமே இருக்கிறதா? குறை சொல்வதுபோல இல்லாமல் கேட்டால் பெரும்பாலான டீச்சர்கள் செய்வார்கள். கரும்பலகை சரியாகத் தெரிகிறதா என்று கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கணக்குப் பயம் என்று நினைத்தது கிட்டப்பார்வையாக இருக்கலாம். மூன்று நாலு புள்ளிகளைப் பார்த்ததும் சொல்ல முடியாமல் ஒவ்வொன்றாக எண்ணுவது, 8 பெரிதா 5 பெரிதா என்பதில் இந்த வயதிலும் தடுமாறுவது இருந்தால் மருத்துவரிடமோ சிறப்பாசிரியரிடமோ காட்டுங்கள். அது வேறு விஷயம்.

தினம் பதினைந்து நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள் போதும். பள்ளி விட்டு வந்து ஏதாவது தின்ற பிறகு வையுங்கள், தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். ஒரு கணக்கு வராவிட்டால் வந்த கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு எழுந்திருக்கட்டும்.

டியூஷனைப் பொறுத்தவரை, சேர்க்கும் முன் அந்த ஐந்து கழித்தலும் எழுதிய சிலேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய், "இவளுக்கு எங்கே பிசகுது?" என்று கேளுங்கள். 222-ஐயோ 188-ஐயோ பார்த்துக் காரணம் சொல்பவரிடம் விடலாம். "பத்துத் தடவை எழுதினா வந்துடும்" என்பவரிடம் வேண்டாம், அந்தப் பணத்துக்கு அவளோடு கடைக்குப் போய் ஏதாவது வாங்கித் தின்றுவிட்டு மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள்.