சொல்லின் சேர்க்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது இலக்கணப் பிழை அதிகம் வராது. சென்ற மாதம் லண்டனில் உள்ள சக ஊழியர் ஒருவருக்கு என் நண்பனைப் பற்றி எழுதும்போது, 'வீ ஆர் திக் ஃப்ரெண்ட்ஸ்' என்றும், 'ஐ காட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஷிப் இன் எ ட்ரெய்ன்' என்றும் எழுதினேன். 'திக்' என்பதை என்ன பொருளில் எழுதினீர்கள் என்று அவர் கேட்டார். நட்பைப் பற்றிய ஆங்கிலத் தொடர்கள் பட்டியலாகக் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்வதால் பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் ஒருவரைத் 'திக்' என்றால் மந்தபுத்தி என்று பொருள். நீங்களும் உங்கள் நண்பரும் மந்தபுத்திக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மரியாதையாக விளக்கம் கேட்டிருக்கிறார். ஆனால் அது நம்மூரில் முளைத்த பிழை என்றும் சொல்லிவிட முடியாது. மிக நெருங்கிய கூட்டாளிகளைத் திருடர்களோடு ஒப்பிடும் 'ஆஸ் திக் ஆஸ் தீவ்ஸ்' என்ற தொடரில் அச்சொல் இன்றும் நெருக்கத்தையே குறிக்கிறது. தனியாக நிற்கும்போது ஏளனமாகவும் திருடர்களோடு நிற்கும்போது நெருக்கமாகவும் அது பொருள்படுவதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டு அறியலாம் என்ற கருத்தை ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957இல் எழுதினார். தமிழின் ஒலிப்பைப் பற்றியும் 1934இல் ஒரு சிறு விளக்கம் எழுதியவர் அவர். 'பையன் நல்லவன்தான், சேர்க்கை சரியில்லை' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, உங்கள் இரண்டாவது வாக்கியத்தின் நிலை அதுதான். தமிழில் நாம் நட்புக் கொள்கிறோம், நட்புப் பாராட்டுகிறோம், சிநேகம் பிடிக்கிறோம். 'நட்பு வாங்கினேன்' என்று ஒரு வெளிநாட்டவர் சொன்னால் புரிந்துகொண்டு சிரிப்போம். உங்கள் 'காட்' ஆங்கிலேயரின் காதில் ஏறக்குறைய அப்படித்தான் விழுகிறது.

ஆங்கிலத்தில் நண்பர்களைச் 'செய்கிறார்கள்': மேக் ஃப்ரெண்ட்ஸ். அதில் கவனிக்க வேண்டியது கடைசியில் உள்ள 'ஸ்'. ஒரே ஒருவருடன் பழக்கம் ஏற்பட்டாலும் 'ஐ மேட் ஃப்ரெண்ட்ஸ் வித் ஹிம்' என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். நட்பு என்றால் இரண்டு பேர் நண்பர்களாகிறார்கள் என்பதால் இந்தப் பன்மை என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவரோடு கைகுலுக்குவதை 'ஷேக் ஹேண்ட்ஸ்' என்று சொல்லும்போதும் இரு கைகள் சேருகின்றன அல்லவா? நன்றாகப் படித்தவர்களும் இந்த இடத்தில் ஒருமையில் எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ரயிலில் தற்செயலாகத் தொடங்கிய பழக்கத்துக்கு 'ஸ்ட்ரைக் அப் எ ஃப்ரெண்ட்ஷிப்' என்றும் சொல்லலாம். முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பதற்கும் இதே வினைதான். பல ஆண்டுகளில் மெல்ல வளர்ந்த நட்புக்கு இது பொருந்தாது. நீங்கள் எழுதிய 'இன் எ ட்ரெய்ன்' என்பதிலும், ரயிலுக்கு 'ஆன்' என்பதே இயல்பு.

'திக்' இருந்த இடத்தில் 'க்ளோஸ்' வர வேண்டும். நெருக்கத்தைக் குறிக்கும் 'க்ளோஸ்' வல்லோசையான 'ஸ்' ஒலியில் முடியும். கதவை மூடுவதைக் குறிக்கும் 'க்ளோஸ்' இசட் ஒலியில் முடியும். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்பதைச் சீக்கிரம் நண்பர்களானவர்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஜவுளிக் கடையில் சாயம் போகாத துணியை 'ஃபாஸ்ட் கலர்' என்பார்கள். அந்த 'ஃபாஸ்ட்'தான் இது, உறுதியானது என்று பொருள். 'ஓல்ட் ஃப்ரெண்ட்' நீண்டநாள் நண்பர். அவருக்கு 25 வயதே ஆகியிருக்கலாம்.

நட்பு முடிவதைச் சொல்லும்போதுதான் அதிகக் கவனம் தேவை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பழைய நண்பரோடு தொடர்பு விட்டுப்போனதை வெளிநாட்டவர் ஒருவருக்கு எழுதியபோது 'ஃபால் அவுட்' என்று எழுதிவிட்டேன். சண்டையைச் சீக்கிரம் சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு பக்க அளவுக்கு ஆறுதல் வந்தது. சண்டையே நடக்கவில்லை. 'ஃபால் அவுட்' என்பது குழந்தைகள் காய் விடுவது; 'மேக் அப்' என்பது பழம் விடுவது. நான் எழுதியிருக்க வேண்டியது 'லூஸ் டச்', கடிதமும் பேச்சும் நின்றுபோவது. 'ட்ரிஃப்ட் அபார்ட்' இதிலிருந்தும் வேறானது. நங்கூரமில்லாத இரண்டு படகுகள் நீரோட்டத்தில் விலகுவதைப் போல, யார் மீதும் குற்றமில்லாமல் மனங்கள் தூரமாகின்றன. தினமும் தொலைபேசியில் பேசிக்கொள்பவர்களுக்கும் அது நேரலாம்.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'பூஸம் ஃப்ரெண்ட்' (உயிர் நண்பர்) போன்ற பழைய வாடை வீசும் தொடரும் நேற்றைய பேச்சுவழக்கும் அதில் ஒரே வரிசையில் நிற்கும். எதோடு 'வித்' வரும், எது யாரிடம் சொல்லத்தக்கது என்பது அதில் தெரியாது. படிக்கும்போது கண்ணில் படும் தொடரை முழு வாக்கியமாகவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்; சொல்லை மட்டும் எழுதிவைத்த பக்கங்கள் எனக்கு ஒருபோதும் உதவியதில்லை.

லண்டன்காரருக்கு இப்படி எழுதலாம்: 'ஐ மேட் ஃப்ரெண்ட்ஸ் வித் ஹிம் ஆன் எ ட்ரெய்ன், அண்ட் வீ ஹாவ் பீன் க்ளோஸ் எவர் சின்ஸ்.' 'திக்' பற்றியும் ஒரு வரி விளக்கிவிடுங்கள். அவர் ரசிப்பார் என்றே நினைக்கிறேன்.