தடுப்பூசி போட்ட பிறகும் புது வகை கொரோனா தொற்றுவது ஏன்?

ஆன்டிபாடி என்பது வைரஸின் முள் போன்ற புரதத்தைக் கவ்விப் பிடிக்க, தடுப்பூசிக்கோ தொற்றுக்கோ பிறகு உடல் செய்துகொள்ளும் புரதம். எந்த முள்ளைப் பார்த்து உருவானதோ அதற்குத்தான் அது கச்சிதமாகப் பொருந்தும். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்து உதாரணம்: ஆம்பூரில் உங்கள் கால் அளவுக்கே தைத்த ஷூ. அதை அண்ணன் போட்டால் விரல் பக்கம் கடிக்கும், குதிகால் மட்டும் ஓரளவு உட்காரும். முள் மாறிய புது வகையிடம் பழைய ஆன்டிபாடியும் அப்படித்தான்.

2021 நவம்பரில் தெரியவந்த ஒமைக்ரான் வகை கொரோனாவின் முள்ளில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். அதனால்தான் அதற்கு முன் பரவிய டெல்டா வகை தொற்றிக் குணமானவர்களையும் அது தொற்றியது. காட்பாடியில் என் அம்மாவுக்கு இரண்டு ஊசிக்குப் பிறகும் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் வாசலில் கோலம் போட்டார்.

சரி, அப்புறம் காப்பது எது? டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள். அவை வைரஸின் பல துண்டுகளை அடையாளம் காணும். அத்தனையும் ஒரே சமயத்தில் மாறுவதில்லை.

‘தொற்றிவிட்டதே, ஊசி வீண்தானே’ என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, தொற்று வருவது வேறு, அது முற்றி உயிருக்கு ஆபத்தாவது வேறு.