கூட்டம் கடைக்கா, உங்கள் கைக்கா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக மூன்று நாற்காலிகள் கொண்ட சிறிய சலூன் நடத்தி வருகிறேன். என்னோடு இரண்டு ஊழியர்கள் வேலை செய்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் உட்கார இடமில்லாமல் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போகிறார்கள். மற்ற நாட்களில் கூட்டம் மிதமாக இருக்கும். அரை மணி நேரப் பயண தூரத்தில் ஒரு கடை வாடகைக்கு வந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லும்படி கட்டட உரிமையாளர் கேட்கிறார். செலவில் பாதிக்குச் சேமிப்பு இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். இரண்டாவது கடையைத் திறக்கலாமா?

பதில்: அகலக் கால் வைக்காதீர்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எனக்கு எளிது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் ஒரு தொழிலை நிலைநிறுத்தியவருக்கு அது மரியாதையான பதில் ஆகாது. இன்று நீங்கள் கையெழுத்திடுவதை நான் ஆதரிக்கவில்லை. அதற்கான காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

சனி, ஞாயிறு கூட்டத்தை மட்டும் பார்த்தால் கடை நிரம்பி வழிவதாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 நாற்காலிகள், நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 180 நாற்காலி மணி நேரம் உங்களிடம் இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டும் முழுவதும் நிரம்பினால் 60 மணி நேரம். மற்ற நான்கு நாட்களில் பாதிதான் நிரம்புகிறது என்றால் 120-இல் 60. ஆக 180-இல் 120 மணி நேரமே பயன்படுகிறது. மிச்சமிருக்கும் 60 மணி நேரம் என்பது, மூன்று நாற்காலிகளில் ஒன்றில் வாரம் முழுக்க ஒருவருமே உட்காராததற்குச் சமம். மூன்றில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கும்போது, வேறோர் இடத்தில் இன்னும் மூன்று நாற்காலிகளை வாங்கிப் போட்டு, அவற்றுக்கும் வாடகை கொடுக்கப் போகிறீர்கள். இந்த எண்கள் என் ஊகம். உங்கள் கடையின் உண்மையான எண்களை ஒரு நோட்டில் எட்டு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். எந்த நாளில், எந்த மணியில், எத்தனை பேர் இடமில்லாமல் திரும்பினார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் பிறகு ஒரு வார நாளில் வந்தார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். திரும்பிப் போனவர் எல்லோரும் உங்களை விட்டுப் போனவர் அல்லர்.

அதே நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: வந்தவர் யாரிடம் முடி வெட்டிக்கொள்ள விரும்பினார் என்பது. இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பெரும்பாலும் கடையை அல்ல, கையைத் தேடி வருகிறார். ஊழியர் ஒருவரின் நாற்காலி காலியாக இருக்கும்போதே “நீங்கள் முடிக்கும்வரை இருக்கிறேன்” என்று உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால், சனிக்கிழமைக் கூட்டம் உங்கள் இரண்டு கைகளுக்காக வந்த கூட்டம். கடையை இரண்டாக்கலாம், கைகளை இரட்டிப்பாக்க முடியாது. கடை வருமானம் 100 என்றால் அதில் 50 உங்கள் நாற்காலியிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். பாதி நேரத்தைப் புதிய கடையில் செலவிடத் தொடங்கினால் பழைய கடையில் 25 குறையும். புதிய கடை லாபம் தருவது இருக்கட்டும், இந்த 25-ஐ ஈடுகட்டவே அது முதலில் சம்பாதிக்க வேண்டும். உங்கள் இடத்தில் வேறொருவரை அமர்த்தினால் அவருக்குச் சம்பளம் தர வேண்டும். இதுவரை உங்களுக்கென்று நீங்கள் எழுதிக்கொள்ளாத சம்பளம் அது.

இதைச் சிறுகடைக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. மாதக் கடைசியில் கல்லாவில் மிஞ்சுவதையெல்லாம் லாபம் என்று எண்ணிவிடுகிறார்கள். உங்கள் வேலையைச் செய்ய ஓர் அனுபவசாலிக்கு என்ன சம்பளம் கொடுப்பீர்களோ அதை உங்கள் பெயரிலும் செலவாக எழுதி, அதன் பிறகும் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், இப்போது கடை உங்களுக்குக் கூலியைத்தான் தருகிறது, லாபத்தைத் தரவில்லை. அந்த அமைப்பையே இன்னோர் இடத்தில் நகலெடுத்தால் கடன் தவணை ஒன்றுதான் புதிதாகச் சேரும்.

புதிய கடை நிரம்புவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை முடியின் வளர்ச்சியே பெருமளவு தீர்மானிக்கிறது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அல்லது சற்று அதிகமாக வளர்கிறது. குட்டையாக வெட்டியவர் நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்ப வருவார். நீளமாக வைத்திருப்பவர் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் வருவார். திறப்பு நாளில் ஆவலோடு எட்டிப் பார்த்தவர் நிரந்தர வாடிக்கையாளரா என்பது அவருடைய மூன்றாவது வருகையில்தான் தெரியும். அதற்கே மூன்று, நான்கு மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களில் வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் தவணையும் குறையாமல் வந்துகொண்டிருக்கும். எனவே கடை அமைக்கும் செலவுக்கு அப்பால் குறைந்தது ஆறு மாத நடைமுறைச் செலவு தனியாகக் கையில் இருக்க வேண்டும். உங்கள் சேமிப்பு அமைக்கும் செலவின் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது என்பதுதான் என் தயக்கத்துக்கு முதல் காரணம்.

இருக்கும் கடையிலேயே நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. சாயம் பூசிய பின் அது பிடிப்பதற்கு 30 முதல் 45 நிமிடம் வரை ஆகும். அந்த நேரம் முழுவதும் வாடிக்கையாளர், முடி வெட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாரா? ஓரத்தில் ஒரு சாதாரண இருக்கையைப் போட்டு அவரை அங்கே மாற்றினால், சனிக்கிழமை ஒன்றிலேயே பல முடிவெட்டுகளுக்கு இடம் கிடைக்கும். நேரம் பிடிக்கும் சாய வேலைகளை வார நாட்களின் முன்பதிவுக்குத் தள்ளுங்கள். சனி, ஞாயிறு கட்டணத்தைச் சற்று உயர்த்தவும் தயங்க வேண்டாம். ஒரு வேலைக்கு 100 வாங்கி, 20 பொருட்களுக்குப் போனால் 80 நிற்கிறது. 110 வாங்கினால் 90 நிற்கும். பழைய கட்டணத்தில் 9 பேர் வந்தால் கிடைப்பதும் புதிய கட்டணத்தில் 8 பேர் வந்தால் கிடைப்பதும் ஒரே 720. ஒன்பதில் ஒருவர் வராமல் போனாலும் உங்களுக்கு நட்டமில்லை, வரிசையும் குறையும். (ஊழியர்களுக்குச் சதவீதக் கணக்கில் கூலி தருவீர்களானால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.) விலை ஏற்றினால் எல்லோரும் போய்விடுவார்கள் என்ற அச்சம், தன் கையின் மதிப்பைக் குறைத்து எடை போடும் நல்ல தொழிலாளிகளிடம்தான் அதிகம்.

அந்தக் கடையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹேர் டிரையர் ஒன்று 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். மூன்று ஒரே நேரத்தில் ஓடினால் 6 கிலோவாட் வரை போகும், வாட்டர் ஹீட்டர் தனி. அந்தக் கட்டடத்தின் மின் இணைப்பும், தண்ணீர் அழுத்தமும், கழிவுநீர்க் குழாயும் தாங்குமா என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாடகை ஒப்பந்தக் காலம் கடன் தவணைக் காலத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. நாற்காலியைப் பெயர்த்து எடுத்துப் போகலாம், சுவருக்குள் போட்ட குழாயை எடுத்துப் போக முடியாது.

உங்கள் ஊழியர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். இரண்டாவது கடை என்பது முதலில் ஓர் ஆளைப் பற்றிய கேள்வி. நீங்கள் இல்லாதபோது சாவியையும் கல்லாவையும் பொறுப்பையும் ஒப்படைக்கத் தக்கவர் ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா? நன்றாக வெட்டத் தெரிந்தவர் எல்லோருக்கும் நான்கு பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்துவிடாது. அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குச் சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் கொடுக்க இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் பின்னாளில் தனியாகக் கடை போடும்போது, அவர் கைக்குப் பழகிய வாடிக்கையாளர்களும் அவரோடு போவார்கள்.

கட்டட உரிமையாளரிடம் இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள், காலிக் கடைகள் இன்னும் வரும். அந்த எட்டு வாரங்களிலும் வாரத்துக்கு ஒரு நாள், குறிப்பாகச் சனிக்கிழமைகளில் இரண்டையாவது சேர்த்து, கடைப் பக்கமே போகாமல் இருங்கள்; தொலைபேசியிலும் வேலை சொல்லாதீர்கள். நீங்கள் இல்லாத அந்த எட்டு நாட்களின் கல்லாக் கணக்கை, நீங்கள் இருந்த அதே கிழமைகளின் கணக்கோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கடன் எவ்வளவு வாங்கலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.