இ.பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள், அம்மா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளுக்கு எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வில்) அறிவியல் பாடங்கள் சுமார், மலாய் மட்டும் 'ஏ' என்கிறீர்கள். கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்டு, தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். டாக்டரானால் அரசு வேலை நிச்சயம் என்பது பழைய கதை. 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். எல்லாருக்கும் நிரந்தரம் கிடைப்பதில்லை. அதைவிட முக்கியம், பிள்ளைக்கே அதில் ஆசையில்லை.

லயத்துப் பாட்டிமார் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்ப அவளைத்தான் தேடி வருகிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எஸ்.டி.ஆர். என்ற அரசு உதவித்தொகை, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, பிறப்புப் பத்திரம், எல்லாவற்றுக்கும் அவள்தானாம். இதற்கென்றே அரசில் ஒரு வேலை இருக்கிறது: பெம்பந்து தட்பிர், அதாவது நிர்வாக உதவியாளர். இதன் சம்பளத் தரம் முன்பு என்19, இப்போது என்1. எஸ்.பி.எம். போதும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், மலாயில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) கட்டாயம். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்த மலாயில்தான். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். 2024 டிசம்பர் முதல் அரசு ஊழியரின் தொடக்க வருமானம் அலவன்ஸோடு குறைந்தது 2,000 ரிங்கிட்.

'கிராணி (குமாஸ்தா) வேலைதானே' என்பார் அண்ணன். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு தேசியப் பதிவிலாகாவுக்கு நடையாய் நடக்கும் தோட்டத்துப் பெரியவர்களை அவர் பார்த்ததில்லையா? அந்தக் கவுண்டருக்குப் பின்னால் தமிழ் தெரிந்த பிள்ளை ஒருத்தி உட்கார்ந்தால் அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

அரசுக்கு ஆள் எடுக்கும் எஸ்.பி.ஏ. (பொதுச் சேவை ஆணையம்) இணையதளத்தில் விண்ணப்பிக்க ஒரு காசும் வேண்டாம். அப்புறம் தேர்வு, நேர்முகம். போட்டி கடுமை, காத்திருக்க வேண்டியும் வரலாம். அதுவரை அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கட்டும். கோலகங்சார் நகராண்மைக் கழகம் போன்றவை தாங்களே ஆள் எடுப்பதால் அவற்றின் அறிவிப்புகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். வெளியூரில் போட்டால் தயங்காமல் அனுப்புங்கள்.

'உள்ளே ஆள் இருக்கு' என்று யாராவது பணம் கேட்டு வந்தால் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். ஊருக்கே நிரப்பிக் கொடுப்பவள்தானே.